மூன்றாவது பெயருக்கு முன்

திருநாளுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஃபாதர் ஒரு யோசனை சொன்னார். நவமணி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நவமணி எதையாவது பிடித்துவிட்டு அப்புறம் விட்டதாக புக்கிட் செராயா தோட்டத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

அந்தத் தோட்டத்துச் சின்னக் கோயில் மூவொரு கடவுளின் பெயரில் கட்டப்பட்டது. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று பேராகவும் ஒரே கடவுளாகவும் இருப்பவரைக் கொண்டாடும் ஞாயிறுதான் அதற்குத் திருநாள். அன்றைக்கு மட்டும் குவாலா சிலாங்கூரிலிருந்தும் ஜெராமிலிருந்தும் பழைய தோட்டத்து ஆட்கள் காரில் வந்து இறங்குவார்கள். மூன்று எப்படி ஒன்றாகும் என்று ஃபாதர் வருடா வருடம் பிரசங்கம் வைப்பார். பின்பக்கம் கொதிக்கும் பிரியாணியின் வாசனையைப் பிடித்தபடி ஜனங்கள் கேட்பார்கள். யாருக்கும் விளங்காது. விளங்கவில்லையே என்று யாருக்கும் வருத்தமும் கிடையாது.

இந்த வருடம் ஃபாதருக்கே அலுத்துவிட்டது போலிருக்கிறது.

"விளக்கம் போதும். இந்தத் திருநாளுக்கு ஜனங்களுக்கு ஒரு காரியம் கத்துக்குடுப்போம். ஆபத்து ஞானஸ்நானம்," என்றார்.

ஓர் உயிர் போகிற நிலையில் இருந்து, சாமியார் வந்து சேர நேரமும் இல்லையென்றால், பக்கத்தில் நிற்கும் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்பது சபையின் சட்டம். கொடுக்கிறவன் கிறிஸ்தவனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தலையில் மூன்று முறை தண்ணீர் விட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் சொல்ல வேண்டும். மூன்றும் சொன்னால்தான் அது ஞானஸ்நானம். அதுவும் உயிர் இருக்கும்போதே சொல்லியாக வேண்டும்.

"யாராவது முன்னால நின்னு செஞ்சு காட்டினா நல்லா மனசுல பதியும்," என்று ஃபாதர் சுற்றிலும் பார்த்தார்.

"யாராவது எதுக்கு ஃபாதர்? செஞ்சவரே இருக்காரே! நம்ம மாப்ள!" என்றார் நவமணி.

எல்லாத் தலைகளும் யுவனேஸ்வரன் பக்கம் திரும்பின. அவன் கையிலிருந்த பிஸ்கட் கோப்பிக்குள் விழுந்தது. அதை எடுக்கவும் தோன்றாமல் நின்றான்.

யுவனேஸ்வரன் அந்தக் கோயிலைச் சேர்ந்தவன் அல்ல. அவன் மனைவி செலின்தான் சேர்ந்தவள். அவன் ஜெராம் பக்கத்து மாரியம்மன் கோயில் பிள்ளை. வருடத்துக்கு ஒருமுறை காவடிக்குக் கூட்டத்தோடு பத்துமலைக்குப் போய் வருகிறவன். கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிறுதோறும் செலினைக் காரில் கொண்டுவந்து விடுவான். வெயிலில் காருக்குள் உட்கார்ந்திருக்க முடியாமல் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்காருவான். யாரும் அவனை மதம் மாறச் சொன்னதில்லை, அவனும் மாறவில்லை. கடைசி பெஞ்சுக்கு மட்டும் அவன் பழகிப்போயிருந்தான்.

நவமணி செலினுடைய சின்னம்மா. ஞாயிற்றுப் பள்ளியில் ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பவர். ஜெபப் புத்தகத்தில் தந்தை, மகன், தூய ஆவி என்று மாற்றிப் பல காலம் ஆகியும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்றுதான் சொல்வார். புத்தகம் தப்பு என்பது அவருடைய கட்சி.

"எனக்கு வேணாம் அத்தே. கூட்டத்துல நமக்கு வராது," என்றான் யுவன்.

"ஆஸ்பத்திரில வந்துச்சு, இங்க வராதா லா?"

அவன் செலினைப் பார்த்தான். அவள் நிச்சயம் தடுப்பாள் என்று நினைத்தான். பெற்ற பிள்ளை போன கதையைப் பொம்மை வைத்து நடித்துக் காட்டுவதை எந்தத் தாய்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்?

செலின் காலியான கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

"செய்ங்க. நான் பாக்கணும்," என்றாள்.

ஆறு மாதத்தில் தனக்கு வேண்டும் என்று அவள் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் முறை.

நடந்தது இதுதான். அப்போது கிறிஸ்துமஸ் குடில்கூடப் பிரித்திருக்கவில்லை. பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்துவிட்டாள். அமலா என்ற பெயரைச் செலின் முன்பே எடுத்து வைத்திருந்தாள். இரண்டு வீட்டு வாயிலும் சிக்காமல் வரும் பெயர் என்பது அவள் எண்ணம். பிரசவத்தில் செலினுக்கு ரத்தம் நிற்கவில்லை. அவளை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு ஓடினார்கள், பிள்ளையை இன்னொரு பக்கம். இரண்டு கதவுக்கும் நடுவில் யுவன் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றான்.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, பிள்ளைக்கு நேரம் அதிகம் இல்லை, உள்ளே போய்ப் பாருங்கள் என்றார். அதே நேரம் நவமணி போனில் வந்தார். அவருடைய வேன் பெரிய ரோட்டில் லோரிகளுக்கு நடுவே நகராமல் நின்றுகொண்டிருந்தது.

"மாப்ள, நான் வந்து சேர மாட்டேன். ஃபாதரும் தூரத்துல இருக்காரு. நீங்களே ஞானஸ்நானம் குடுத்துருங்க."

"எனக்கு என்ன அத்தே தெரியும்? நான் உங்க ஆளே இல்லையே."

"தண்ணி இருக்குல்ல? வாய் இருக்குல்ல? போதும். புள்ள பேரச் சொல்லி, ஞானஸ்நானம் குடுக்கிறேன்னு சொல்லுங்க. அப்புறம் ஒரு பேருக்கு ஒரு தடவ தண்ணி. மூணு பேரும் தெரியும்ல?"

தெரியும். ஒவ்வொரு பூசையும் அந்த மூன்று பெயரில்தான் தொடங்கும், அந்த மூன்று பெயரில்தான் முடியும். ஏழு வருடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த காதுக்கு அது தெரியாமல் போகுமா?

உள்ளே தலையில் தூடோங் துணி சுற்றிய மலாய் நர்ஸ் ஒருத்தி இருந்தாள். பிள்ளையின் தலையில் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும் என்று யுவன் மலாயில் கேட்டான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மருந்து ஊற்றிக் கொடுக்கும் சின்னக் கப்பில் தண்ணீர் கொண்டுவந்து, கண்ணாடிப் பெட்டியின் வட்டக் கதவைத் திறந்துவிட்டு, முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு மெஷினைப் பார்த்தபடி நின்றாள். அவள் உதடும் அசைந்தது. அவளும் அவளுடைய கடவுளைக் கூப்பிடுகிறாள் என்று யுவனுக்குத் தோன்றியது.

இடது கையைப் பிள்ளையின் தலைக்கு அடியில் கொடுத்தான். முழுத் தலையும் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. உச்சிக்குழி துடிப்பது அவன் விரலில் தட்டிக்கொண்டே இருந்தது.

"அமலா, நான் உனக்கு ஞானஸ்நானம் குடுக்கிறேன். பிதாவின் பெயராலே."

வலது கை விரலைத் தண்ணீரில் நனைத்து நெற்றிக்கு மேல் சொட்ட விட்டான்.

"சுதனின் பெயராலே."

இரண்டாவது முறை சொட்ட விட்டான். விரலில் தட்டிக்கொண்டிருந்தது நின்றுபோயிற்று.

அவன் மூன்றாவது முறைக்கு நனைத்த விரலோடு அப்படியே இருந்தான். வாயில் பெயர் தயாராக இருந்தது, வெளியே வரவில்லை. மெஷின் கத்தத் தொடங்கியது. நர்ஸ் திரும்பினாள், டாக்டர் ஓடி வந்தார், யாரோ அவனை மெதுவாகப் பின்னால் நகர்த்தினார்கள். அவர்கள் செய்ததெல்லாம் செய்து முடித்துத் தலையை அசைத்த பிறகுதான் அவன் வெளியே வந்தான். விரல் அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது.

நடையில் நவமணி மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார். அவன் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார்.

"குடுத்தீங்களா?"

அவன் தலையாட்டினான்.

"மூணு பேரும் சொன்னீங்களா?"

அதற்கும் தலையாட்டினான்.

"அப்ப உசிரு இருந்துச்சா? குடுத்து முடிச்சு நீங்க வெளிய வந்தப்புறந்தான் போச்சா?"

தலையாட்டத் தொடங்கியவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. அதற்கும் ஆட்டினான்.

"ஆண்டவருக்குத் தோத்திரம்!" என்று நவமணி அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். யுவன் நிஜத்தில் சொன்ன பொய் அவ்வளவுதான், ஒரு வார்த்தைகூட இல்லை. மிச்சத்தை எல்லாம் நவமணி பார்த்துக்கொண்டார். அவர் வாய்க்குள் போன கதை சும்மா திரும்பி வருமா? அடக்கத்துக்குள்ளேயே அது வளர்ந்துவிட்டது. மூன்றாவது பெயரைச் சொன்னதும் பிள்ளை கண்ணைத் திறந்து அப்பனைப் பார்த்ததாம். அப்பன் வெளியே போகும்வரை காத்திருந்து, வானத்துச் சம்மனசு மாதிரி தூங்கிப்போனதாம். ஃபாதர் வெள்ளைத் துணி போர்த்தி, முழு ஜெபத்தோடு அமலாவை அடக்கம் செய்தார். ஞானஸ்நானம் இல்லாவிட்டாலும் அதையேதான் செய்திருப்பார், அவர் அப்படிப்பட்ட மனுஷன். ஆனால் அதை யுவனுக்கு யார் சொல்வது?

செலின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது இந்தக் கதை முழுசாக அவள் முன்னால் இருந்தது. பிள்ளையை அவள் உயிரோடு பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"நீங்க வெளிய வந்தப்புறம் எவ்வளவு நேரம் இருந்தா?"

"கொஞ்ச நேரந்தான்."

"பக்கத்துல யாரு இருந்தா?"

"நர்ஸு இருந்தாங்க."

அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். அதற்குமேல் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் துக்கம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. துக்கமாவது வரும், போகும், ஆளை அழவைத்துவிட்டுச் சோறு தின்னவைக்கும். இது அப்படி இல்லை. செலின் ஜெராமில் ஐஸ் பேக்டரி ஆபீஸுக்கு வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். குழம்பில் உப்பு இல்லாவிட்டால் அவளும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. சாயங்காலம் டிவி ஓடும். யாராவது சத்தத்தைக் குறைத்துவிட்டால் இன்னொருவர் கூட்டுவதில்லை. யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மைலோ கலக்கிக் கொடுத்து அனுப்பிவைத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நல்ல விசுவாசம் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். ஜனங்களுக்கு எதற்கும் ஒரு பேர் வைத்தாக வேண்டும்.

யுவன் செம்பனை எண்ணெய் ஆலையில், லோரியை எடை பார்க்கும் டிம்பாங் மேடைக்கு ஆள். குலை ஏற்றிய லோரி வரும், மேடையில் ஏறும், சிவப்பு எண்கள் ஓடி நிற்கும், அவன் பித்தானை அழுத்துவான், லோரி போகும். அடுத்த லோரி வரும். முன்பெல்லாம் டிரைவர்களோடு பந்து விளையாட்டைப் பற்றிக் கத்துவான். இப்போது பித்தானை அழுத்துவதோடு சரி. அவனுக்கும் அழுகை வரவில்லை. வராததைப் பற்றி அவன் யோசிக்கவும் இல்லை.

அவன் யோசித்தது ஒன்றைத்தான். செலினிடம் மிச்சம் இருப்பது அந்த ஞானஸ்நானம் ஒன்று. பிள்ளை இல்லை, பால் கட்டி வலித்த வலிகூட இப்போது இல்லை. பிள்ளை கடவுள் பெயரைத் தலையில் வாங்கிக்கொண்டு போனாள் என்பது மட்டும் இருக்கிறது. அதையும் உருவிவிட்டால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? அவள் மரமாகி நிற்பதே அதைப் பிடித்துக்கொண்டுதான் என்று அவன் நம்பினான். அதனால் வாயை இறுக்க மூடிக்கொண்டான்.

அந்த வாரம் முழுவதும் யுவன் தப்பிக்கப் பார்த்தான். ஞாயிறு வேலை இருக்கிறது என்றான். திருநாளுக்கு லீவு வாங்கியது நவமணிக்குத் தெரிந்திருந்தது. தொண்டை சரியில்லை என்றான். மிளகு ரசம் வந்து சேர்ந்தது. கடைசியில் அவனே தனக்குச் சொல்லிக்கொண்டான்: பொம்மைதானே? தண்ணீரை மூன்று தடவை ஊற்றி, மூன்று பெயரையும் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டால் முடிந்தது. பொய்யை ஒரு முறை தலையாட்டிச் சொன்னாயிற்று. இன்னொரு முறை கையால் சொல்வதற்கு என்ன? லோரிகளுக்கு நடுவே உதட்டுக்குள் பழகியும் பார்த்தான். தடங்கல் இல்லாமல் வந்தது.

பொம்மை விஷயத்தில் சின்னக் கலவரம் ஒன்று நடந்தது. குடிலில் வைக்கும் பாலன் சுரூபத்தையே எடுத்துக்கொள்ளலாமே என்று யாரோ சொல்லப்போக, சேசு பாலனுக்கே ஞானஸ்நானமா என்று நவமணி பொரிந்து தள்ளிவிட்டார். ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளை ஒன்றிடமிருந்து மஞ்சள் முடியும் நீலக் கண்ணுமாக ஒரு பொம்மை இரவல் வந்தது. நிமிர்த்தினால் கண் திறக்கும், படுக்கவைத்தால் மூடும் ஜாதிப் பொம்மை.

திருநாளன்று கோயில் கொள்ளவில்லை. வெளியே கேனோப்பிப் பந்தல் போட்டு நாற்காலி வைத்திருந்தார்கள். பாட்டுக்காரர்கள் மைக்கை விழுங்கிவிடுவது போலப் பாடினார்கள். வாசகம் முடிந்து ஃபாதர் பீடத்திலிருந்து இறங்கி வந்தார்.

"மூவொரு கடவுளை விளக்க என்னால முடியாது. விளக்கினவங்களுக்கும் முடிஞ்சதில்ல," என்றார். ஜனங்கள் சிரித்தார்கள். "ஆனா அவர் பேரச் சொல்லி ஒரு புள்ளையோட தலையில தண்ணி ஊத்த முடியும். நம்ம கோயில்ல ஒருத்தர் அதச் செஞ்சிருக்காரு. அவர் நம்ம ஆளுகூட இல்ல. இல்ல, நம்ம ஆளுதான்."

கைதட்டல் எழுந்தது. யுவன் முன்னால் போனான். நவமணி ஒரு வெள்ளைப் பீங்கானில் தண்ணீரும், துண்டு சுற்றிய பொம்மையும் கொண்டுவந்து கொடுத்தார். செலின் வழக்கமாக நடுவில் உட்காருகிறவள். அன்றைக்கு முதல் வரிசைக்கு வந்திருந்தாள். கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையையும் அதன்மேல் வைத்திருந்தாள். அவள் கண் அவன் முகத்தில் இல்லை, கையில் இருந்தது.

ஃபாதர் மைக்கை அவன் வாய்க்கு நேரே பிடித்தார்.

யுவன் இடது கையைப் பொம்மையின் தலைக்கு அடியில் கொடுத்தான். பிளாஸ்டிக் தலை சில்லென்று இருந்தது. நல்லது என்று நினைத்தான். இது பொம்மை, பொம்மைதான்.

"ஞானஸ்நானம் குடுக்கிறேன்," என்றான். "பிதாவின் பெயராலே."

தண்ணீரை விட்டான். பொம்மையைச் சாய்த்ததில் கண் இரண்டும் டக்கென்று மூடிக்கொண்டன.

"சுதனின் பெயராலே."

இரண்டாவது முறை விட்டான். விரலை மறுபடி பீங்கானில் நனைத்தான். தூக்கினான். அது அங்கேயே நின்றுவிட்டது.

ஜனங்கள் காத்திருந்தார்கள். அவன் விரல் நுனியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. மைக் அவன் மூச்சை மட்டும் பெரிதாக்கிக் கோயில் முழுக்கப் போட்டது. பின்னால் ஒரு குழந்தை சிரித்தது, அதன் தாய் அதட்டினாள்.

"பரிசுத்த ஆவி, மாப்ள! பரிசுத்த ஆவி!" என்று நவமணி பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

மறந்தால் அல்லவா எடுத்துக் கொடுக்க வேண்டும்? யுவனுக்குத் தெரிந்தது. உதடுகூடச் சேர்ந்தது. அதற்கு மேல் போகவில்லை. எந்த இடத்தில் ஆறு மாதத்துக்கு முன் நின்றானோ, அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான், ஓர் அங்குலம் முன்னால் போக முடியவில்லை. அவனுக்குப் பயமாகவும் இல்லை, வெட்கமாகவும் இல்லை. கை வேறு யாருடையதோ போல இருந்தது.

ஃபாதர் அவன் தோளில் கை போட்டார். "பரவால்ல. மனசு தாங்கல," என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு, பொம்மையை அவரே வாங்கி, மூன்றாவது தண்ணீரை விட்டு, மூன்றாவது பெயரைச் சொல்லி முடித்தார். பெண்கள் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நவமணிக்கு ஏங்கல் எடுத்தது. ஃபாதர் திரும்பிப் பீடத்துக்குப் போனார்.

செலின் எழுந்தாள். முதல் வரிசையிலிருந்து நடுவழியாக, யாரையும் பார்க்காமல், வாசலைத் தாண்டி, கேனோப்பியைத் தாண்டிப் போனாள். யுவன் ஈரக் கையோடு அவள் பின்னால் போனான்.

கார்கள் செம்பனை மரங்களுக்கு ஓரமாக வரிசையாக நின்றன. செலின் தங்கள் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கதவைத் திறக்கச் சாவி அவனிடம் இருந்தது. அவன் எடுக்கவில்லை.

"அன்னைக்கும் அங்கதான் நின்னுச்சா?" என்று கேட்டாள்.

மழுப்ப ஒன்றும் இல்லை. "ஆமா."

"ரெண்டாவது பேரோட."

"ஆமா. சுதன்னு சொன்னேன், அதுக்குள்ள..." யுவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். "மூணாவது நான் சொல்லல செலின். அது ஞானஸ்நானமே இல்ல. அத்தை கேட்டப்ப தலைய ஆட்டிட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உனக்கு அது ஒண்ணாவது மிஞ்சட்டும்னுதான். ஃபாதர்கிட்ட நானே போய்..."

"அத விடுங்க."

"இல்ல, அவருகிட்டயாவது..."

"விடுங்கன்னா! பரிசுத்த ஆவி என்ன, நீங்க கூப்பிட்டாத்தான் வருவாரா? வர்றவரு வந்திருப்பாரு."

ஆறு மாதமாக அவன் மூச்சுத் திணறச் சுமந்ததை அவள் எச்சில் இலையை ஒதுக்குவது போல ஒதுக்கிவிட்டாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நான் கேக்கறது வேற," என்றாள் செலின். "ரெண்டாவது பேரு சொல்றப்பவே போயிட்டாள்னா, அவ போறப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்கதான்."

"வெளிய வரல?"

"வரல. எல்லாம் முடிஞ்சப்புறந்தான் வந்தேன்."

"அப்ப உங்க கை?"

"உள்ள இருந்துச்சு. அவ தலைக்கு அடியில."

செலின் அவனையே பார்த்தாள். பிறகு கைப்பையைக் கீழே போட்டுவிட்டு, மடக்கிய கையால் அவன் நெஞ்சில் குத்தினாள். மறுபடி குத்தினாள். பலமாகவே குத்தினாள்.

"நர்ஸு இருந்தாங்கன்னு சொன்னியே! நர்ஸு இருந்தாங்கன்னு! அந்தக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள யாருமே இல்லாம தனியா கெடந்து செத்தாள்னு நான்... தெனமும்... கண்ண மூடினா அந்தப் பொட்டிதான். பெத்தவ நான் மயங்கிக் கெடந்தேன், பெத்தவன் வெளிய வந்துட்டான், எம்புள்ளைக்கு யாருமே இல்லன்னு... பாவி, இத ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

யுவன் விலகவில்லை, கையைத் தடுக்கவும் இல்லை. அவன் காப்பாற்றி வைத்ததாக நினைத்தது ஒன்று, அவள் தவித்தது வேறொன்று. அவளிடமிருந்து எதை ஒளித்தானோ அதுவே அவளுக்கு வேண்டியதாக இருந்திருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து, இரண்டு பேரும் ஆறு மாதம் இப்படிக் கிடந்திருக்கிறார்களே என்று நினைத்தபடி காரில் சாய்ந்து நின்றான்.

உள்ளே ஜனங்கள் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். சத்தம் ஒழுங்கில்லாமல், பாதிப் பேர் முந்தியும் பாதிப் பேர் பிந்தியுமாக வந்தது.

செலின் மூச்சு வாங்கினாள். குனிந்து அவன் இடது கையைப் பிடித்து, உள்ளங்கையை மேலே திருப்பினாள். அதில் ஏதாவது இருக்கும் என்பது போலப் பார்த்தாள்.

"இந்தக் கையா?"

"ஆமா."

"சூடா இருந்தாளா?"

"சூடாத்தான் இருந்தா," என்றான். "உச்சி துடிச்சிக்கிட்டே இருந்துச்சு. என் கையில தட்டிக்கிட்டே..." ஆஸ்பத்திரி நடையில் வராத அழுகை, குழியில் மண் போடும்போது வராத அழுகை அப்போது வந்தது. வாயை மூடக்கூட முடியாமல் அழுதான்.

செலின் அந்த உள்ளங்கைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. கேனோப்பிக்குள் இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல முன்னால் திரும்பிக்கொண்டார்கள்.

வெகுநேரம் கழித்து அவள் தலையை எடுக்காமலே பேசினாள்.

"இன்னும் சொல்லுங்க. முடி இருந்துச்சா?"